குளிர் அறையின் கழிவு வெப்பத்தில் குளியல் நீர்: சிறு விடுதிகளுக்கான செய்முறை விளக்கம்

திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகள் பலவற்றின் பின்புறத்தில் மீனும் மரக்கறியும் வைக்கும் குளிர் அறையின் கொம்பிரசர் இரவு பகலாகச் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்க, சற்றுத் தள்ளிக் குளியலறைகளில் கீசர்கள் மின்சாரத்தைச் செலவழித்துத் தண்ணீரைச் சுடவைக்கின்றன. வெளியே போகும் அந்தச் சூட்டில் ஒரு பகுதியைத் தண்ணீருக்குத் திருப்பும் முறையை இங்கே பார்ப்போம்.

7 கிலோவாட் அளவுக்குக் குளிரூட்டும், அதாவது 2 டன் இயந்திரம் ஒன்று, 2.5 கிலோவாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்த 9.5 கிலோவாட் வெப்பம் வெளியேறுகிறது. இதைக் கேட்டதும் முழுவதையும் பிடித்துவிட ஆசை எழும். அந்த ஆசையை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது. அந்த வெப்பத்தின் பெரும்பகுதி, இயந்திரத்துக்குள் சுற்றும் குளிரூட்டும் காஸ் திரவமாக மாறும் 45 பாகை செல்சியஸ் அளவிலேயே வெளிப்படுவதால், அதைக்கொண்டு தண்ணீரை 50 பாகைக்கு ஏற்ற முடியாது. கொம்பிரசரை விட்டு வெளியேறும் காஸ் திரவமாகத் தொடங்குமுன் இழக்கும் மிகைச்சூடு மட்டுமே நமக்கு உதவும். அது மொத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதம். நம் உதாரணத்தில் 1.5 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு.

முதற்படி, எந்த இயந்திரத்தில் இணைப்பது என்று தீர்மானிப்பது. அளவில் பெரியதை விட, நெடுநேரம் ஓடுவதைத் தெரிவு செய்யுங்கள். அறைக்கு அறை பொருத்திய ஏ.சி.கள் விருந்தினர் இருக்கும்போது மட்டும் ஓடுபவை; அவற்றிலும் இன்வேட்டர் வகை, சுமை குறைந்ததும் வேகத்தைக் குறைப்பதால் காஸின் சூடும் தணிந்துவிடும். குளிர் அறையோ, ஐஸ் இயந்திரமோ இருந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

அடுத்து அளந்து பாருங்கள். கொம்பிரசரிலிருந்து, காஸின் சூட்டை வெளியேற்றித் திரவமாக்கும் கண்டென்சருக்குப் போகும் செப்புக் குழாயைக் கையால் தொட வேண்டாம், தோல் வெந்துவிடும். இயந்திரத்தை நிறுத்தி, குழாய் ஆறிய பின் வெப்பமானியின் முனையை அதன்மீது ஒட்டி, மேலே வெப்பக்காப்பு ரப்பரைச் சுற்றிக் கட்டி, மீண்டும் ஓடவிட்டு அரை மணித்தியாலம் கழித்து அளவைப் பாருங்கள். 70 பாகைக்கு மேல் காட்டினால் வேலையைத் தொடரலாம். 55க்குக் கீழே நின்றால் இந்த முயற்சிக்குச் செலவழிப்பது வீண்.

பின்னர் கணக்கு. 500 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 50 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ 13 அலகு மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். 1.4 கிலோவாட் கிடைத்தால், கொம்பிரசர் ஒன்பது மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாக ஓட வேண்டும். விருந்தினர் குளிப்பதோ காலையிலும் மாலையிலுமாகச் சில மணி நேரந்தான். ஆகவே நன்றாகக் காப்பிட்ட தாங்கி ஒன்று இல்லாமல் இந்த ஏற்பாடு பயன் தராது.

இனி பொருத்துதல். கொம்பிரசருக்கும் கண்டென்சருக்கும் இடையே, காஸின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும், இரட்டைச் சுவர் கொண்ட வெப்பமாற்றி ஒன்றை வைக்க வேண்டும்; ஒரு சுவர் ஓட்டையானாலும் காஸும் எண்ணெயும் குளிக்கும் நீரில் கலக்காமல் இருக்கவே இந்த இரட்டைச் சுவர். காஸ் மேலிருந்து கீழாகவும் தண்ணீர் கீழிருந்து மேலாகவும் எதிரெதிரே ஓட வேண்டும். அப்போதுதான் எண்ணெய் தேங்காமல் கொம்பிரசருக்குத் திரும்பும். காஸ் இறக்குதல், நைதரசன் ஓடவிட்டு ஒட்டுதல், அழுத்தச் சோதனை, வெற்றிடமாக்குதல் ஆகியவற்றை அனுபவமுள்ள குளிரூட்டி மெக்கானிக்கிடமே ஒப்படையுங்கள். ஆர்-32 காஸ் தீப்பற்றக்கூடியது என்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். பழைய கண்டென்சரைக் கழற்றவே கூடாது. தாங்கி சூடேறி முடிந்த பிறகு எல்லா வெப்பத்தையும் வெளியேற்றப் போவது அதுதான்.

தண்ணீர்ப் பக்கத்தில் சிறிய பம்பி ஒன்று தாங்கியின் அடிநீரை எடுத்து வெப்பமாற்றி வழியாக மேலே திருப்பிவிடும். காஸ் குழாய் 60 பாகையைத் தாண்டும்போது பம்பி ஓடவும், தாங்கியின் அடி 55ஐத் தொட்டதும் நிற்கவும் கட்டுப்படுத்தியை அமையுங்கள். தாங்கியில் அழுத்தம் விடுவிக்கும் வால்வு கட்டாயம் வேண்டும். கடற்கரையோரக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதை இதில் விடாதீர்கள்: உப்பு உலோகத்தை அரிக்கும், சுண்ணாம்புப் படிவு வெப்பத்தை மறிக்கும்.

லெஜியோனெல்லா என்ற பக்டீரியா 20 முதல் 45 பாகை வரையான நீரில் பெருகும். ஆகவே தாங்கியின் மேற்பகுதியில் மின்சூடாக்கி ஒன்றைப் பொருத்தி, சேமித்த நீரை 60 பாகைக்கு ஏற்றி வைத்து, குழாய்க்குப் போகும் வழியில் கலப்பு வால்வு மூலம் தணித்து அனுப்ப வேண்டும். மே, ஜூன் போன்ற, கச்சான் காற்று வீசும் சுற்றுலாக் காலத்தில் இந்த மின்சூடாக்கிக்கு அதிக வேலை இராது. வாடைக்காலத்து மழையில் கொம்பிரசர் குறைவாக ஓடும். வெந்நீர் கேட்போரோ கூடுவர். அப்போது பெரும்பாரத்தை மின்சூடாக்கியே சுமக்கும். ஆண்டுச் சேமிப்பைக் கணக்கிடும்போது மே, ஜூன் மாதக் கணக்கைப் பன்னிரண்டால் பெருக்காதீர்கள்.

ஓடவிட்ட முதல் வாரத்தில் வெப்பமாற்றியை விட்டு வெளியேறும் காஸின் சூட்டைத் தினமும் பார்த்து வாருங்கள். அது 48 பாகைக்குக் கீழே இறங்கினால், காஸ் கண்டென்சரை அடையுமுன்பே திரவமாகத் தொடங்கும் நிலையை நெருங்குகிறது என்று பொருள். பம்பியின் வேகத்தைக் குறையுங்கள்.