லேசரா, கழுத்து வெட்டா என்று கேட்கும் முன்

போன கிழமை திருகோணமலை கிளினிக் வாசலில் கிண்ணியாத் தம்பி ஒருவர், கையிலிருந்த வாப்பாவின் தொண்டைப் பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக்கூடப் பிரிக்காமல், "அக்கா, லேசர் எங்க செய்றாங்க?" என்றார். அப்பாவுக்குக் குரல்வளைப் புற்று வந்தபோது நானும் இதைத்தான் முதலில் கேட்டேன்.

மெஷினைத் தேடி ஓடுவது

அப்பா மீன் ஏலம் கூறுபவர். குரல்தான் தொழில். கட்டி குரல் நாணில் சிறிதாக இருந்தது, நாணும் அசைந்தது. டாக்டர் கதிர்வீச்சுக்குப் போகச் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. தழும்பில்லாமல் லேசரில் முடித்துவிடலாம் என்று கொழும்பில் தனியாரிடம் திகதி எடுத்தோம், நகையை ஈடு வைத்தோம். இரண்டரை மாதம் போயிற்று.

அங்கே டாக்டர் அப்பாவை வாய் திறக்கச் சொல்லி விரல்களை நிமிர்த்திப் பிடித்தார். இரண்டு விரல்கூட நுழையவில்லை. நாற்பது வருட வெற்றிலை பாக்கு வாயை இறுக்கியிருந்தது. லேசருக்கு நேரான உலோகக் குழாயை வாய்வழியே குரல்வளை வரை இறக்க வேண்டும். குழாய் இறங்காத வாயில் லேசரால் ஒன்றும் ஆகாது. அதற்குள் நாணும் அசையாமல் நின்றுவிட்டது. நாண் நின்றால் அது புற்றின் மூன்றாம் நிலை. கடைசியில் குரல்வளையை முழுதாக எடுத்தார்கள். மூன்று விரல் நுழைகிறதா என்று வீட்டுத் திண்ணையிலேயே பார்த்திருக்கலாம். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

லேசர் சின்ன விஷயம் என்பது

லேசருக்கும் முழு மயக்கம் கொடுப்பார்கள். ஓரத்தில் புற்று மிஞ்சினால் மறுபடி செய்ய நேரலாம். குரலும் கொஞ்சம் கரகரக்கலாம். கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவியிருந்தால் லேசரோடு கழுத்தையும் திறக்க நேரலாம்.

கழுத்தைத் திறந்தால் குரல் போச்சு என்பது

இல்லை. குரல்வளையின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதும் உண்டு. கழுத்தில் கொஞ்ச நாள் குழாய், மூக்குவழிச் சாப்பாடு, அப்புறம் விழுங்கப் பயிற்சி. லேசரைவிட நாள் பிடிக்கும், ஆனால் பேச்சு மிஞ்சும். முழுதாக எடுத்தால்தான் கழுத்துத் துளை நிரந்தரம். அதிலும் வால்வு வைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கதிர்வீச்சை மறப்பது

ஆரம்ப நிலைக் குரல் நாண் புற்றில் அது லேசருக்கு ஏறத்தாழச் சமமாகவே குணம் தரும். கிழமைக்கு ஐந்து நாள், ஐந்தாறு கிழமை. தங்க இடம் பார்த்து வையுங்கள்.

புகை

இன்றே விடுங்கள்.

தம்பி தன் வாப்பாவை அங்கேயே வாய் திறக்கச் சொன்னார். மூன்று விரல் நுழைந்தது. சரி, இனி நாண் அசைகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள் என்று உள்ளே அனுப்பினேன்.