வரிக்கு முந்தைய விலையைச் சமன்பாட்டால் கண்டுபிடிப்பது எப்படி?

18 விழுக்காடு ஜிஎஸ்டி உட்பட ஒரு மின்விசிறியின் விலை 2,360 ரூபாய் என்றால், வரிக்கு முந்தைய விலை என்ன? பலர் 2,360-இல் 18 விழுக்காடான 424.80 ரூபாயைக் கழித்து 1,935.20 என்று விடை சொல்வார்கள். அது தவறு. ஏனெனில் வரி கணக்கிடப்பட்டது நமக்குத் தெரியாத அந்த அடிப்படை விலையின் மீதுதான். 2,360-இன் மீது அன்று.

முதல் படி: தெரியாத அளவுக்கு ஓர் எழுத்தை வைத்து, அது எதைக் குறிக்கிறது என்பதை அலகுடன் எழுதுங்கள். "க = வரிக்கு முந்தைய விலை, ரூபாயில்." வெறுமனே "க = மின்விசிறி" என்று எழுதுவோர் உண்டு; மின்விசிறியை எதனோடும் கூட்ட முடியாது, அதன் விலையைத்தான் கூட்ட முடியும்.

இரண்டாம் படி: சொற்களைக் கணிதக் குறிகளாக்குங்கள். வரி என்பது க-வில் 18 விழுக்காடு, அதாவது 0.18க. "உட்பட" என்ற சொல் கூட்டலைக் குறிப்பதால், சமன்பாடு இப்படி அமைகிறது:

க + 0.18க = 2,360

கணக்கின் கடினமான பகுதி இத்துடன் முடிந்துவிட்டது.

மூன்றாம் படி: 1.18க = 2,360. இரு பக்கங்களையும் 1.18-ஆல் வகுத்தால் க = 2,000.

நான்காம் படி: விடையைச் சமன்பாட்டில் அல்லாமல் கேள்வியிலேயே பொருத்திப் பாருங்கள்; சமன்பாடே தவறாக இருந்தால் அதில் சரிபார்த்துப் பயனில்லை. 2,000-க்கு வரி 360; மொத்தம் 2,360. முன்பு கிடைத்த 1,935.20-ஐ இவ்வாறு சோதித்தால் ஏறத்தாழ 2,283.54 மட்டுமே வருகிறது.

இனி "விட" என்ற சொல் வரும் கணக்கு. 500 ரூபாயை அக்காவும் தம்பியும் பிரித்துக்கொள்கிறார்கள்; அக்காவுக்குத் தம்பியை விட 80 ரூபாய் அதிகம். பாதியான 250-உடன் 80-ஐக் கூட்டி அக்காவுக்கு 330 கொடுத்தால், தம்பிக்கு 170-தான் மிஞ்சும்; வேறுபாடு 160 ஆகிவிடும். தம்பியின் பங்கை க என்று கொண்டால், அக்காவின் பங்கு க + 80.

க + க + 80 = 500
2க = 420
க = 210

எனவே தம்பிக்கு 210, அக்காவுக்கு 290. அக்காவின் பங்கையே க என்று வைத்தும் தொடங்கலாம்; அப்போது சமன்பாடு க + க − 80 = 500 ஆகி, க = 290 என்று வரும். அந்த 290-ஐ அவசரத்தில் தம்பியின் கணக்கில் எழுதிவிடாமல் இருப்பதற்காகத்தான், க எதைக் குறிக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னேன்.