சூனியக்காரி சீரியலில் வில்லனைக் காதலிக்க வைப்பது எப்படி?

வில்லன் காதலை எழுத உட்காருகிறவர்கள் முதலில் அவன் அழகைத்தான் யோசிக்கிறார்கள். அது நடிகர் தேர்வு செய்பவரின் கவலை. நீங்கள் அவன் வேலையை எழுதுங்கள்: யார் அனுப்பினார்கள், எதற்கு, முடிக்காவிட்டால் அவன் கதி என்ன? மூன்றுக்கும் தலா ஒரு வரி பதில் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது வில்லனல்ல, முன்கோபக்காரக் காதலன்.

1998 முதல் 2006 வரை ஓடிய, மூன்று சூனியக்காரச் சகோதரிகளைப் பற்றிய ‘சார்ம்டு’ என்ற அமெரிக்கத் தொடரின் கோல் டர்னரைப் பாருங்கள். மூன்றாவது சீசன் தொடக்கத்தில் அரசு வழக்கறிஞராக வருகிறான். உண்மையில் அவன் பால்தசார், அந்தச் சகோதரிகளைக் கொல்ல வந்த அரக்கன். இது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். அவனைக் காதலிக்கும் சகோதரி ஃபீபிக்குத் தெரிய எட்டாவது எபிசோடு ஆகிறது. இந்த இடைவெளியில்தான் காதல் காட்சி ஒவ்வொன்றும் வயிற்றைக் கலக்குகிறது. 22 எபிசோடு சீசனுக்கு ஐந்திலிருந்து எட்டு எபிசோடு போதும். மேலே இழுத்தால் நாயகி ஏமாளியாகிவிடுவாள். இரண்டிலேயே உடைத்தால் பிரிவு யாரையும் உறுத்தாது.

குட்டு உடையும் காட்சியில் வசனத்தை நம்பாதீர்கள், மந்திரத்தின் விதியை நம்புங்கள். பால்தசாரை அழிக்கும் கஷாயத்துக்கு அவன் சதைத் துண்டே வேண்டும். கஷாயம் தயார், அவன் எதிரில் நிற்கிறான். ஃபீபி அவனைத் தப்பவிட்டு, அழித்துவிட்டதாக அக்காக்களிடம் பொய் சொல்கிறாள். அதுவரை அவன் மட்டும் மறைத்தான். இனி அவளும் மறைக்கிறாள். காதல் நிஜமென்று நம்ப அந்தப் பொய் ஒன்றே போதும், பக்கம் பக்கமாக உருக வேண்டாம்.

பெரும்பாலானோர் சறுக்குவது அவனைத் திருத்தும்போது. முழுக்க நல்லவனானால் கதையில் அவனுக்கு வேலை போய்விடும். நான்காவது சீசனில் கோல் சக்தியிழந்து சாதாரண மனிதனாகிறான், பிறகு அரக்கர் தலைவனின் சக்தி அவனுக்குள் புகுகிறது. திருத்தத்தைப் பாதியில் நிறுத்தினார்கள், கதைக்கு உயிர் வந்தது.

சாவை மலிவாக்காதீர்கள். ஒருமுறை செத்துத் திரும்பலாம். கோலை எதுவும் கொல்லாது என்ற நிலை வந்த ஐந்தாவது சீசனில் பயமே போய்விட்டது, காதல் நச்சரிப்பானது. ஆனால் முடித்த விதம் கெட்டிக்காரத்தனம். நூறாவது எபிசோடில் தன் ஆசைக்கேற்ப நிஜத்தையே மாற்றுகிறான். மாறிய உலகில் அவன் மறுபடியும் வெறும் பால்தசார். பழைய கஷாயமே வேலை செய்கிறது.

அதனால் முதல் சீசனில் எழுதும் விதியை ஒரு தாளில் குறித்து வையுங்கள். கடைசிக் காட்சிக்கான ஆயுதம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.