வெறும் வேரோடு வந்த புன்னை

திருவொற்றியூரில் எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். உப்புக்காற்றைத் தாங்கும், வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் என்று புன்னை வைக்க நினைத்தேன். பையில் மண்ணோடு வாங்கினால் விலை கூட. பாத்தியிலிருந்து பிடுங்கிய கன்று மலிவு. ஐந்து வாங்கி, வேர் வெயிலில் ஆட ஆட பைக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். மே மாதம் வேறு. பத்தே நாளில் ஐந்தும் சருகு. நர்சரிக்காரரைத் திட்டித் தீர்த்தேன், தப்பு என்னுடையதுதான்.

பசுமை மாறாத மரத்தின் இலைக்கு ஓய்வே இல்லை. வேர் அறுந்த பிறகும் இலை வழியே தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். உறிஞ்சித் தர சல்லிவேர் இருக்காது.

அடுத்து, மழை பிடித்த அக்டோபரில் நர்சரிக்குப் போனேன். சாக்கைப் பிரித்து வேரைக் காட்டச் சொன்னேன். ஈரமாக, சல்லிவேர் நிறைய இருந்ததை மட்டும் எடுத்தேன். நகத்தால் தண்டைக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். இடுப்பு உயரக் கன்றுகளைத் தள்ளிவிடப் பார்த்தார். வேண்டாம், முழங்கால் உயரமே போதும் என்றேன். ஈரச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் வீடு. வேரை இரண்டு மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பாதிக்கு மேல் இலையைக் கிள்ளி, களிமண் குழம்பில் முக்கி, சாயங்காலம் நட்டேன். வேர் மடங்காமல், வேர்க்கழுத்து (தண்டும் வேரும் சேரும் இடம்) தரைமட்டத்தில். மேலே தென்னங்கீற்று நிழல். போர் தண்ணீர் உப்பு, அதனால் லாரித் தண்ணீர்தான்.

நான்கு துளிர்த்தன. ஐந்தாவதைத் தெருப் பசங்களின் கிரிக்கெட் பந்து முறித்துவிட்டது.