மாரிச் சில்லுகளுக்கும் காற்றழுத்த சென்சர்: படி எடுப்பது, பூட்டுவது, பிழை பார்ப்பது

ஐப்பசி மழை பிடித்ததும் சேற்று ரயர், அருவி வெட்டு முடிந்ததும் ஏ9 நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு வீதி ரயர். வன்னியில் ஒட்டுசுட்டான், துணுக்காய், நெடுங்கேணிப் பக்கம் கப் ரக வாகனம் வைத்திருப்பவர்கள் பலரிடம் இப்படி இரண்டு செற் சில்லு உண்டு. ரிம்மோடு சேர்த்து மாற்றினால் வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஆனால் காற்றழுத்தம் காட்டும் வாகனமாக இருந்தால், மாற்றிய அன்றே டாஷ்போர்ட்டில் மஞ்சள் விளக்கு மினுங்கத் தொடங்கும். பழைய சில்லோடு சென்சரும் கழன்று போய்விட்டதே, பின் வேறென்ன செய்யும்?

எதையும் வாங்குமுன் உங்கள் வாகனத்தில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். ஒரு வகைக்கு ரிம்முக்குள் சென்சரே கிடையாது. ஏ.பி.எஸ். பிரேக்கின் வேக உணரியை வைத்தே வேலை செய்யும்: காற்றுக் குறைந்த ரயரின் சுற்றளவு சற்றுச் சுருங்குவதால் அந்தச் சில்லு மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும், அதைக் கணினி பிடித்துவிடும். இந்த வகை என்றால் இரண்டாவது செற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை. சில்லை மாற்றி, சரியான காற்று அடித்து, மீளமைக்கும் பொத்தானை அழுத்தி ஓடினால் சரி. நாலு ரயரும் ஒரே அளவாகவும் ஒரே தேய்மானமாகவும் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

மற்ற வகையில் ஒவ்வொரு வால்வின் அடியிலும் பற்றரியோடு ஒரு சென்சர் இருக்கும். திரையில் ஒவ்வொரு ரயரின் அழுத்தமும் இலக்கமாகத் தெரிந்தால் அநேகமாக இந்த வகைதான். உலோக வால்வு இருந்தாலும் சந்தேகப்படலாம். ஆனால் இறப்பர் வால்வோடு வரும் சென்சர்களும் உண்டு, எனவே வெளியே பார்த்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். சென்சரை வாசிக்கும் கைக் கருவியை வால்வுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கீழே சொல்வதெல்லாம் இந்த வகைக்குத்தான்.

வாங்குமுன் மூன்று விடயம்

முதலாவது அலைவரிசை. ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்யப்பட்டு இங்கே வந்த வாகனங்களில் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸ், ஐரோப்பாவுக்கென்று செய்யப்பட்டவற்றில் 433. மாறி வாங்கினால் சென்சர் பேசும், வாகனத்துக்குக் காது கேட்காது. பழைய சென்சரின் உடம்பிலேயே அலைவரிசை அச்சடிக்கப்பட்டிருக்கும், கருவியும் காட்டும். இரண்டு அலைவரிசைக்கும் பொருந்தும் நிரல் ஏற்றக்கூடிய சென்சர்களும் கிடைக்கின்றன, ஓட்டெல் நிறுவனத்தின் எம்.எக்ஸ். வகை அப்படியானது. கொஞ்சம் கூட விலை கொடுத்தாலும் வன்னியில் இருப்பவருக்கு அதுவே நல்லது. பிழையான பொருளைத் திருப்பிக் கொடுக்கத் தூரப் பயணம் போவதைவிட மலிவு.

இரண்டாவது, எண்ணிக்கை. சில நான்கு சில்லு இழுவை வாகனங்களில் மேலதிகச் சில்லுக்குள்ளும் சென்சர் இருக்கும், அப்படியானால் கணினி ஐந்தை எதிர்பார்க்கும். மேலதிகச் சில்லை இரண்டு செற்றுக்கும் பொதுவாக வைத்திருந்தால் நாலு சென்சர் போதும்.

மூன்றாவது, ரிம். சாதாரண வால்வுத் துளை 11.5 மில்லிமீற்றர் அளவு. அலோய் ரிம்முக்கு நட் போட்டு இறுக்கும் உலோக வால்வு, இரும்பு ரிம்முக்கு இழுத்துச் செருகும் இறப்பர் வால்வு என்பது பொது வழமை. முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரம் ஓடுபவர்கள் உலோக வால்வை எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அலுமினிய வால்வுக்குள் காற்றை அடைத்து வைக்கும் ஊசியாகச் சாதாரண பித்தளை ஊசியைப் போட்டால் உப்புக் காற்றில் இரண்டும் ஒன்றோடொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஊசியைக் கழற்றப் போய் வால்வே முறியும். நிக்கல் பூசிய ஊசியும் பிளாஸ்ரிக் மூடியும் போடுங்கள். பளபளக்கும் உலோக மூடி வேண்டாம்.

படி எடுப்பதா, புதிதாகப் பதிவதா

ஒவ்வொரு சென்சருக்கும் தனி ஐ.டி. இலக்கம் உண்டு. வாகனத்தின் கணினி தன்னிடம் பதிந்த இலக்கங்களை மட்டுமே கேட்கும். ஆகவே இரண்டு வழி. புதிய சென்சர்களைப் புதிய இலக்கத்தோடு போட்டு, ஓ.பி.டி. துளையில் (வாகனக் கணினியைப் பரிசோதிக்கும் இணைப்புத் துளை) கருவியைச் செருகிக் கணினியில் பதியலாம். அல்லது பழைய சென்சரின் இலக்கத்தையே புதியதில் ஏற்றிவிடலாம், இதுதான் படி எடுப்பது.

சில வாகனங்களின் கணினி இரண்டு செற் இலக்கங்களையும் வைத்திருக்கும், திரையிலோ பொத்தானிலோ முதலாவது, இரண்டாவது என்று மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வாகனம் அப்படியென்றால் யோசிக்க வேண்டாம், ஒருமுறை பதிந்துவிட்டு நிம்மதியாக இருங்கள். இல்லையென்றால் படி எடுப்பதுதான் எங்கள் பக்கத்துக்குத் தோதானது. பதியும் வழியில் ஒவ்வொரு மாரிக்கும் கோடைக்கும் கருவி உள்ள கராச்சைத் தேடிப் போக வேண்டும், அது எல்லா இடத்திலும் இல்லை. படி எடுத்துவிட்டால் வீட்டு முற்றத்தில் ஜக் வைத்துச் சில்லை மாற்றலாம், கணினிக்கு வித்தியாசமே தெரியாது.

பழைய சென்சர்களில் உயிர் இருக்கும்போதே படி எடுத்துவிடுங்கள். அவற்றின் பற்றரி 5 முதல் 10 வருடம் வரை வரும், மாற்ற முடியாதபடி பிசின் ஊற்றி அடைக்கப்பட்டது. செத்த சென்சரைக் கருவியால் எழுப்ப முடியாது. பிறகு ரயரைப் பிரித்து உடம்பில் உள்ள இலக்கத்தை வாசிக்க வேண்டும், அல்லது ஓ.பி.டி. வழியாகக் கணினியிடமிருந்து எடுக்க வேண்டும்.

படி எடுக்கும் முறை

வாகனத்தில் பூட்டியிருக்கும் முன் இடது சில்லில் தொடங்குங்கள். கருவியில் வாகன வகையையும் ஆண்டையும் தெரிவு செய்து, வால்வின் அடியில், ரயர்ப் பக்கச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். கருவி 125 கிலோஹேர்ட்ஸில் தட்டி எழுப்ப, சென்சர் இலக்கம், அழுத்தம், வெப்பநிலை, பற்றரி நிலை எல்லாவற்றையும் சொல்லும். எழும்பாவிட்டால் இன்னொரு கோணத்தில் பிடியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் கொஞ்சக் காற்றைச் சட்டென்று திறந்துவிடுங்கள், அழுத்தம் விழுந்ததும் சில சென்சர்கள் தானாகவே பேசத் தொடங்கும்.

பிறகு ஒரு புதிய சென்சரை மட்டும் எடுத்துக் கருவியின் தலைக்கு முன் வைத்து இலக்கத்தை ஏற்றுங்கள். மற்ற மூன்றும் பெட்டியோடு அப்பால் இருக்கட்டும். நாலையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஏற்றினால் கருவி எதைப் பிடித்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும், இரண்டு சென்சரில் ஒரே இலக்கம் ஏறுவது இப்படித்தான். ஏற்றியதும் திரும்ப வாசித்து ஒப்பிட்டு, சென்சரில் ‘மு.இ.’ என்று பேனையால் எழுதுங்கள். அதன் பிறகுதான் அடுத்த சில்லுக்குப் போக வேண்டும். நாலு இலக்கத்தையும் தாளில் எழுதி வாகனப் புத்தகத்துக்குள் வையுங்கள்.

திரை ஒவ்வொரு ரயரையும் தனித்தனியாகக் காட்டும் வாகனத்தில், படியும் அதன் தாய்ச் சென்சர் இருந்த இடத்துக்கே போக வேண்டும். இல்லாவிட்டால் பின் வலது இறங்கும்போது திரை முன் இடது என்று சொல்லும், நீங்கள் நல்ல ரயரைக் கழற்றிக்கொண்டு நிற்பீர்கள்.

ரயர் கடையில்

சென்சர் உடைவது வீதியில் இல்லை, ரயர் கடையில்தான். இயந்திரம் உள்ள கடைக்கே கொண்டுபோங்கள். எங்கே போனாலும் வேலை தொடங்குமுன் ‘உள்ளே சென்சர் இருக்கு’ என்று சொல்லி, வால்வுக்குப் பக்கத்தில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். ரயர் விளிம்பை அமுக்கிப் பிரிக்கும் தகடு வால்வின் இரு புறமும் ஒரு சாணுக்குள் வரக்கூடாது. அமுக்கும் வேலையை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்க வேண்டும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் ரயர் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளும் இடம் வால்வுப் பக்கமாக இருக்கக்கூடாது, அந்தப் பள்ளத்தில்தான் சென்சர் குந்தியிருக்கிறது. கையால் லீவர் போடும் கடையென்றால் வால்வுக்குப் பக்கத்தில் லீவரின் நுனி மட்டும்தான் உள்ளே போகலாம்.

வால்வு நட்டை இறுக்குவதில் பலம் காட்டத் தேவையில்லை. டொயோட்டா வகைச் சென்சர்களுக்கு 4 நியூட்டன் மீட்டர், சென்சரோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். சிறிய ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவுதான் அது. கூடினால் அலுமினியம் வெடிக்கும், இறப்பர் வளையம் பிதுங்கும். ரயர் கழற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த வளையத்தையும் ஊசியையும் புதிதாகப் போடுங்கள்.

சென்சர் சில பத்துக் கிராம் எடை, ஆகவே பலன்ஸ் பார்க்காமல் விட வேண்டாம். காற்று அடித்ததும் வால்வடியில் சவர்க்கார நீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ரயர் ஓட்டையை அடைக்க வால்வு வழியாக ஊற்றும் ஒட்டுத் திரவம் சென்சரின் அழுத்தத் துளையை அடைக்கக்கூடியது. முத்தையன்கட்டு உட்பாதையில் நடுவழியில் நின்றால் ஊற்றத்தான் வேண்டும், ஆனால் அடுத்த நாளே ரயரைப் பிரித்துக் கழுவுங்கள்.

சில்லைப் பூட்டும்போது டொயோட்டா கார்களுக்கு நட் இறுக்கம் 103 நியூட்டன் மீட்டர், பிராடோவின் அலோய் ரிம்முக்கு ஏறத்தாழ 112. கிறவல் வீதியில் 50, 60 கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

காற்றும் ‘செற்’ பொத்தானும்

குளிர்ந்த ரயரில்தான் காற்றுப் பார்க்க வேண்டும். விடியற்காலையில், அல்லது குறைந்தது 3 மணித்தியாலம் நிழலில் நின்ற பிறகு. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் அடிக்க நிறுத்தும் பத்து நிமிடத்தில் ரயர் குளிராது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். காலையில் 33 இருந்த ரயர் மத்தியான வெயிலில் ஓடியபின் 37 காட்டுவது வழமை. கூடிப்போச்சென்று அந்த நேரம் திறந்துவிட்டால் மறுநாள் காலை 29தான் இருக்கும்.

பல டொயோட்டாக்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ‘செற்’ பொத்தான் புதிய சென்சரைப் பதியும் என்று பலர் நம்புகிறார்கள். அது இலக்கத்தைப் பதியாது. இப்போது ரயரில் உள்ள அழுத்தமே சரியான அழுத்தம் என்று கணினிக்குச் சொல்வதுதான் அதன் வேலை. ஆகவே சேற்று ரயருக்கு நீங்கள் வேறு அழுத்தம் வைப்பதென்றால், குளிர்ந்த நிலையில் அந்த அளவுக்கு அடித்து, சாவியை ஒன் நிலையில் வைத்து, விளக்கு மூன்று முறை மெதுவாக மினுங்கும்வரை பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஏ9இல் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் 20 நிமிடமாவது ஓட வேண்டும். முற்றத்தில் நின்றபடி விளக்கு அணையவில்லை என்று திரும்பத் திரும்ப அழுத்துவதில் பயனில்லை.

சேற்றிலோ கடற்கரை மணலிலோ இறங்க 18, 20 வரை காற்றைக் குறைத்தால் விளக்கு எரியும், எரியட்டும். அந்த நிலையில் விளக்கை அணைக்கவென்று ‘செற்’ அழுத்துவதுதான் மோசமான பிழை. கணினி 18ஐயே சரியான அளவாக எடுத்துக்கொள்ளும், பிறகு வீதியில் ரயர் பாதி இறங்கினாலும் வாய் திறக்காது. எச்சரிக்கை வரும் எல்லையும் நாங்கள் நினைப்பதைவிடத் தாழ்வு: அமெரிக்க விதியில் 25 சதவீதம் குறையவேண்டும், ஐரோப்பிய விதியில் 20. 33 வைக்க வேண்டிய ரயர் 25 ஆகும்வரை விளக்கு வராமல் இருக்கலாம். எனவே கையில் அழுத்தமானி இருக்கத்தான் வேண்டும்.

விளக்கு என்ன சொல்கிறது

சாவி போட்டதும் விளக்கு நிலையாக எரிந்தால் காற்றுக் குறைவு. ஏறத்தாழ ஒரு நிமிடம் மினுங்கி அதன்பின் நிலையாக நின்றால் கணினி ஒரு சென்சரைக் கேட்கவில்லை என்று பொருள்: அலைவரிசை பிழை, இலக்கம் பிழை, பற்றரி முடிந்தது, அல்லது ரயர் கடையில் உடைந்தது. கருவியால் நாலையும் வாசித்து, எழுதி வைத்த தாளோடு ஒப்பிடுங்கள். நாலும் வாசிக்கிறது, இலக்கமும் சரி, ஆனாலும் மினுங்குகிறதென்றால் மேலதிகச் சில்லைப் பாருங்கள், ஐந்தாவது அங்கேதான் இருக்கும்.

அழுத்தம் தாறுமாறாக மாறிக் காட்டினால் ஒரே இலக்கமுள்ள இரண்டு சென்சர் ஒரே நேரத்தில் பேசுகின்றன. கழற்றிய செற்றை வாகனத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஓடும்போது இது வரலாம், படி எடுத்தவர்கள் அப்படி ஏற்றக்கூடாது. வீட்டில் அசையாமல் கிடக்கும் சில்லின் சென்சர் தூங்கிவிடும், அதனால் கராச்சுக்குள்ளேயே வைத்தாலும் பெரும்பாலும் தொல்லையில்லை. வெயில் படாமல், வால்வு மூடியோடு வையுங்கள்.

வாகனத்தில் இந்த வசதியே இல்லாதவர்கள் வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் வெளிச் சென்சரும் சூரிய ஒளியில் சார்ச் ஆகும் சிறிய திரையும் வாங்கலாம். இரண்டு செற்றுக்கும் அந்த நாலு மூடியே போதும், மாற்றும்போது கழற்றிப் பூட்டினால் சரி. பற்றரியும் பெரும்பாலும் சி.ஆர்.1632 வகை, நீங்களே மாற்றலாம். ஆனால் நீளமான இறப்பர் வால்வில் அதைப் பூட்டிக் கிறவலில் ஓடினால் அந்தப் பாரத்தில் வால்வு ஆடி ஆடி அடியில் வெடிக்கும். முதலில் கட்டை வால்வோ உலோக வால்வோ போட்டுவிட்டு அதன்மேல் பூட்டுங்கள்.