கானாவின் சவன்னா கிராமங்களுக்கு முதல்முறை போகிறீர்களா?

நம் பெஸ்தாரி ஜெயா பக்கம், தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. அந்த மரத்தின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. அதைப் பார்க்க அங்கே இருக்கும் கானாவுக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர், செம்பனை விளையும் தெற்கோடு திரும்பிவிடுகிறார்கள். வடக்கே இருக்கும் சவன்னா, அதாவது மரங்கள் ஆங்காங்கே நிற்கும் புல்வெளி, வேறு உலகம். சோளம், கம்பு, நிலக்கடலை, யாம் கிழங்கு எல்லாம் ஒரே மழைப் பருவத்தை நம்பி விளைகின்றன. கட்டாயம் போய்ப் பாருங்கள்.

முதலில் மாதம். மழை சுமார் மே முதல் அக்டோபர் வரை. அப்போது வயல் பச்சையாக இருக்கும், ஆனால் மண் ரோட்டில் வண்டி சிக்கும். டிசம்பர், ஜனவரியில் சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று புழுதியை வாரிக் கொண்டுவரும். புதியவர்களுக்கு நவம்பர்தான் நல்லது. பாதை காய்ந்திருக்கும், அறுவடையும் நடக்கும்.

அடுத்து ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன்பே போட்டுவிடுங்கள். அந்த அட்டை கானாவுக்குள் நுழையவும் வேண்டும், மலேசியா திரும்பும்போதும் வேண்டும். மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

வழிகாட்டி. இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். தலைநகர் அக்ராவிலிருந்து வடக்கே இருக்கும் தமாலே நகரத்துக்கு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். அங்கே ஆள் தேடும்போது, போகப்போகும் கிராமத்தில் அவருக்குச் சொந்தபந்தம் உண்டா, அந்த ஊர்ப் பேச்சு தெரியுமா என்று கேளுங்கள். தமாலே சுற்றுவட்டாரத்தில் தக்பானி, டமோங்கோ பக்கம் கோன்ஜா. வண்டி, எண்ணெய், சாப்பாடு, அவர் கூலி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கிராமத்தில். நேராக வயலுக்குள் இறங்காதீர்கள். வெளியாள் தோட்டத்துக்கு வந்தால் முதலில் ஆபீசில் தலைகாட்டுவது போல, அங்கே ஊர்த்தலைவரைப் பார்க்க வேண்டும். அவர் விலங்குத் தோல்மேல் அமர்ந்திருப்பார். மரியாதைக்குக் கொண்டுபோகும் கோலாக் கொட்டையை வலது கையால் கொடுங்கள். பேசுவதை வழிகாட்டி பார்த்துக்கொள்வார். தக்பானி ஊரென்றால் காலையில் 'தசிபா' என்று வணக்கம் சொல்லுங்கள், முகங்கள் மலரும். படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

அப்புறம், ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து வெண்ணெய் எடுக்கும் பெண்களோடு ஒரு காலைப்பொழுதாவது உட்காருங்கள். வறுத்து அரைத்த பருப்பு, குழம்பிய பழுப்புக் கூழாக இருக்கும். தண்ணீர் விட்டு விட்டு, முழங்கை வரை உள்ளே விட்டுப் பிசைகிறார்கள். கை ஓயாது. மெல்ல நிறம் வெளுத்து, கொழுப்பு நுரை மாதிரி மேலே திரண்டு வரும். அதை வழித்து, கழுவி, காய்ச்சினால் வெண்ணெய்.

வாங்குவதானால் அந்தப் பெண்களிடமே வாங்குங்கள், அடித்துப் பேரம் பேசாதீர்கள். நம் ஊர் வெயிலில் உருகிவிடும். திருகுமூடி டப்பாவில் அடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள்.