ஓடுகிற கூரையில் சோலார் பேனல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டியில் குன்சும் கணவாயைக் கடந்து, படலிலிருந்து கிராம்பூ நோக்கிப் போகும் பாதையைப் பாதை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். உருண்டைக் கற்கள், குறுக்கே ஓடும் பனியுருகிய தண்ணீர், இடையிடையே கொஞ்சம் மண். அங்கேதான் தலைக்கு மேல் 'டக்... டக்' என்று சத்தம் கேட்கத் தொடங்கியது. சமையல் பாத்திரம் எதுவோ உருளுகிறது என்று நினைத்து அரை மணி நேரம் ஓட்டிவிட்டேன். வண்டியை நிறுத்திக் கூரைமேல் ஏறிப் பார்த்தால், 100 வாட் பேனலின் முன்மூலை போல்ட்டில் நட்டைக் காணோம். பக்கத்து மூலையின் நட்டு விரலால் தொட்டாலே சுழன்றது. பின்னால் இருந்த இரண்டு போல்ட்டுகள்தாம் பேனலைப் பிடித்துக்கொண்டிருந்தன. கூடாரக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒருவழியாக மணாலி வந்து சேர்ந்தோம்.

பாதையைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பேனல் வைத்த தெம்பில், அதே போல்ட்டு, அதே நட்டு, அதே ஒயர் என்று வண்டிக்கும் பூட்டியவன் நான். மாடி குலுங்குவதில்லை, முறுக்குவதில்லை, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றில் ஓடுவதும் இல்லை. முகாம் வண்டிகளில் பேனல் வைத்தவர்கள் சொல்லும் தொல்லைகளில் பெரும்பாதி இந்த ஒரு மறதியில்தான் தொடங்குகிறது.

முதலில் நட்டு. சாதாரண நட்டும் ஸ்பிரிங் வாஷரும் இருந்தால் போதும் என்று பல பட்டறைகளில் இன்றும் சொல்வார்கள். போதாது. பலகை மாதிரி வரிவரியாகக் கிடக்கும் மண் சாலையில் மணிக்கணக்கில் ஓடும்போது, இணைப்பு பக்கவாட்டில் மயிரிழை அளவு நழுவி நழுவி, நட்டு தானாகவே பின்னோக்கிச் சுழல்கிறது. உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு போடுங்கள். அடியில் அகலமான வாஷர் வையுங்கள். நைலாக்கைக் கழற்றிக் கழற்றிப் போடக் கூடாது, பிடிப்பு குறைந்துவிடும். துருப்பிடிக்காத எஃகில் போல்ட்டும் நட்டும் இருந்தால் மெதுவாக முறுக்குங்கள், மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கொண்டு. வேகமாக முறுக்கினால் மரை மரையோடு கவ்விக்கொள்ளும், பிறகு ரம்பம்தான் கதி.

இறுக்கிய பிறகு, நட்டிலிருந்து வாஷர் மேலாகப் பேனலின் சட்டம் வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். என் வண்டியில் அது அடர் சிவப்பு; மனைவியின் உபயம். நட்டு சற்றே நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். புதிதாகப் பூட்டியதும் முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை பாருங்கள். கரடுமுரடான பாதை என்றால் தினமும் காலையில், தேநீர் கொதிக்கிற நேரத்தில்.

அடுத்தது முறுக்கம். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி, எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வண்டியின் உடம்பு ஈரத்துணியைப் பிழிவதுபோல் லேசாகத் திருகுகிறது. கண்ணாடிக்கு அந்த வித்தை தெரியாது. பேனலைக் கூரைக் கேரியரோடு கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிவிடாமல், நான்கு முனைகளிலும் ரப்பர் புஷ் வைத்துப் பூட்டுவது நல்லது. பிக்-அப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் அறையும் பின்தொட்டியும் சேஸிஸ் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. மேடுபள்ளத்தில் இரண்டும் வெவ்வேறு பக்கம் சாயும். ஒரு முனையை அறைமேலும் மறுமுனையைப் பின்கூண்டின் மேலும் பூட்டி ஒரே நீளப் பேனலைப் பாலம் போட்டால், அது விரிசல் விடும் நாளை நீங்களே குறித்துவிட்டீர்கள் என்று பொருள். பேனல் சட்டத்தில் தயாரிப்பாளர் போட்டிருக்கும் துளைகளையே பயன்படுத்துங்கள். புதிதாகத் துளைக்கும் ட்ரில் முனை கொஞ்சம் தாண்டினால் கண்ணாடியின் ஓரத்தில் போய் நிற்கும்.

இதே காரணத்தால்தான் வீட்டுக்கென்று விற்கும் 540 வாட் பேனலை மேடுபள்ளத்தில் ஓடும் வண்டிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வாட் கணக்கில் விலை குறைவுதான், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது ஏறத்தாழ 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், 28 கிலோ எடை. உள்ளே இருக்கும் சிலிக்கான் செல் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாதது. பெரிய பரப்பு குலுங்கும்போது நடுப்பகுதி மேளத்தோல் மாதிரி அதிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். ஆண்டுக்கு ஆண்டு மின்சாரம் ஏன் குறைகிறது என்று புரியாமல் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருப்போம். சின்னப் பேனல் இரண்டு, மூன்று என்று போடுவதே மேல். பேனல்மேல் ஏறி நிற்பதும் கூடாது. கண்ணாடி தாங்கிவிடும், செல் தாங்காது.

எடைக்கும் ஒரு சொல். கூரை எவ்வளவு தாங்கும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். அந்தக் கணக்கில் கேரியரின் எடையும் சேர்த்தி. கரடுமுரடான பாதைக்கு அந்த அளவை 1.5-ஆல் வகுத்துக்கொள்ளச் சொல்லும் கேரியர் தயாரிப்பாளர்கள் உண்டு. கூரைமேல் கூடாரம், தண்ணீர் கேன், ஸ்டெப்னி எல்லாம் ஏற்றிவிட்டுக் கடைசியில் பேனலுக்கு இடம் தேடுகிறவர்கள் முதலில் இந்த வகுத்தலைச் செய்து பார்க்கட்டும்.

வளையும் பேனலைக் கூரையிலேயே ஒட்டிவிட்டால் போல்ட்டு, காற்று, எடை என்று எந்தத் தொல்லையும் இல்லையே என்று கேட்கலாம். நானும் கேட்டேன், ஒட்டினேன். பேனலின் திறன் அளக்கப்படுவது செல் 25 டிகிரியில் இருக்கும்போது. வெயிலில் நிற்கும் வண்டியில் செல் 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும் என்றால், 40 டிகிரிக்கு 16 சதவீதம் போயிற்று. அடியில் காற்றே போகாமல் தகரத்தோடு ஒட்டிய பேனல் அதையும் தாண்டிச் சுடும். இரண்டாவது கோடையில் என் பேனலின் மேலுறை கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. சட்டம் போட்ட பேனலை வைத்து அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடுவதே சரி.

இடைவெளி விட்டால் காற்று உள்ளே புகும் என்பதும் உண்மை. 100 வாட் பேனலின் பரப்பு சுமார் 0.67 சதுர மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டரில் அதன் முழு முகத்திலும் காற்று மோதினால் 25 கிலோ எடைக்குச் சமமான விசை. வேகம் பாதியானால் விசை கால்வாசி. படுத்த நிலையில் இது குறையும், ஆனால் முன்விளிம்பு ஓர் அங்குலம் உயர்ந்திருந்தாலும் காற்று அடியில் புகுந்து தூக்கப் பார்க்கும். முன்விளிம்பைப் பின்விளிம்பைவிட ஒரு நூலாவது தாழ்த்தி வையுங்கள், அல்லது முன்னால் ஒரு சாய்தகடு போடுங்கள். முகாமில் சூரியனை நோக்கிச் சாய்க்கும் கீல் வைத்திருந்தால், கிளம்பும்முன் அதை மடக்கிப் பூட்டினோமா என்று பார்ப்பது கதவைப் பூட்டுவது போன்ற பழக்கமாக வேண்டும்.

ஒயர் இறங்கும் துளையை அடைக்கக் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு சிலிக்கோன் பசையைப் பிதுக்காதீர்கள். மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அதைத் தகரத்தின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். காயும்போது வெளிவரும் அமிலம் துருவுக்கு அழைப்பு. துளையிட்ட விளிம்பில் பிரைமர் பூசிக் காயவிட்டு, வாகனங்களுக்கான பாலியூரித்தேன் ஒட்டியால் அடையுங்கள். ஒயர் துளைக்குள் நுழையும்முன் கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுத்தால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

நிழலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் நம்ப மறுப்பார்கள். அதனால் ஒரு சோதனை. உச்சி வெயிலில், பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் எத்தனை ஆம்பியர் காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு, ஒரு பேனலின் ஒரே ஒரு செல்மேல் செருப்பை வையுங்கள். 36 செல்லில் ஒன்றுதானே, மூன்று சதவீதம் குறையும் என்று தோன்றும். அந்தப் பேனலின் வரவே ஏறக்குறைய நின்றுபோகும். 36 செல்களும் ஒரே சங்கிலி. வழக்கமாக 18 செல்லுக்கு ஒரு டயோடு. ஒரு செல் இருண்டால் மின்சாரம் டயோடு வழியாக அந்தப் பாதியைத் தாண்டிச் செல்லும், மீதிப் பாதி தருவது 9 வோல்ட். 13 வோல்ட்டில் நிற்கும் பேட்டரிக்கு 9 வோல்ட்டால் என்ன பயன்? கேரியரின் குறுக்குக் கம்பி, ஆன்டெனா, பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் டீசல் கேன் எல்லாமே செருப்புகள்தாம். பேனல்தான் அங்கே எல்லாவற்றையும்விட உயரமாக இருக்க வேண்டும். இரண்டு பேனலைத் தொடரிணைப்பில் (சீரிஸ்) போட்டால், ஒரு செல் மறைந்தாலும் மீதி 27 வோல்ட்டாவது வரும். ஒரு பேனல் முழுக்க மரநிழலில் நிற்கும் இடங்களில் பக்க இணைப்பும் (பேரலல்) அதே அளவுக்குக் கைகொடுக்கும். எது நல்லது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 100 வாட் பேனல் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் 11 ஆம்பியர் வரும். கூரையிலிருந்து பேட்டரிக்கு 5 மீட்டர், போகவர 10 மீட்டர். வீட்டுக்கு வாங்கிய 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் 1.3 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும்; 6 ஸ்கொயரில் 0.3 வோல்ட்தான். வீட்டு ஒயரின் உறை வெயிலில் வெடிக்கவும் செய்யும், சோலாருக்கான டிசி கேபிள்தான் கூரைக்கு ஏற்றது. கன்ட்ரோலர் பேட்டரிக்குப் பக்கத்திலும், ஃப்யூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள்ளும் இருக்கட்டும். முதலில் பேட்டரியை இணைத்துவிட்டுப் பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

குளிர் நாடுகளுக்குப் போகிறவர்கள் மறப்பது இரண்டு. குளிரில் பேனலின் வோல்ட் ஏறும். தொடரிணைப்பில் இரண்டு பேனல் 44 வோல்ட் என்றால், மைனஸ் 10 டிகிரி விடியற்காலையில் அது 48, 49 வரை போகும். உச்சவரம்பு 50 வோல்ட் என்று எழுதிய கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் நூலிழையில் தப்புகிறார்கள். 75 அல்லது 100 வோல்ட் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். மற்றொன்று பேட்டரி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெட்டுப்போகும். லடாக்கில் வெயில் எழும்போது பேனல் உற்சாகமாக விழித்துவிடும், பின்தொட்டியில் கிடக்கும் பேட்டரி இன்னும் உறைந்தே இருக்கும். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் வசதி உள்ள பேட்டரிதான் வேண்டும். முடிந்தால் அதை நீங்கள் படுக்கும் இடத்துக்குள்ளேயே வையுங்கள்.

சட்டம்: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. கூரையை வெட்டும் வேலைக்கு இறங்கும்முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று. வழியில் கேரியர் உடைந்தால் வெல்டிங் பட்டறையில் நிறுத்துவோம். பேனல், கன்ட்ரோலர், வண்டி பேட்டரி ஆகியவற்றின் ஒயர்களைக் கழற்றிய பிறகே வெல்டரைத் தொடவிடுங்கள். பேனல்மேல் ஒரு நனைந்த சாக்கையும் போடச் சொல்லுங்கள். தெறிக்கும் பொறி ஒவ்வொன்றும் கண்ணாடியில் கடுகளவு குழி பறிக்கும். என் இடப்பக்கப் பேனலில் பதினொன்று இருக்கின்றன.